ஒற்றைச் சாமைக் காடு

பிள்ளைகளின் அப்பாவுக்கு,

போனை நீங்கள் எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன். குடகில் உங்களுக்கு யார் சோறாக்கிப் போடுகிறார்கள் என்று கேட்கமாட்டேன்.

இந்த வருஷம் மலை முழுக்க மரவள்ளி. சாமை நம் காட்டில் மட்டும்தான். முன்பு ஊர்க்காடெல்லாம் பிரிந்து மேய்ந்த குருவிகள் மொத்தமும் இப்போது இங்கேதான் இறங்குகின்றன.

“நீயும் மரவள்ளி போடேன். இன்னாத்துக்குத் தனியா குருவிய வெரட்டிக் கத்திக்கினு கெடக்குற?” என்கிறாள் உங்கள் தங்கச்சி.

“நம்ம சாமையும் போயிட்டா அப்புறம் விதைக்கு எங்க போறது?” என்றேன்.

குருவி விரட்ட உங்கள் நீலச் சட்டையைக் கழியில் மாட்டி நிறுத்தினேன். கொஞ்ச நாள் பயந்தன. இப்போது அதன் தோளிலேயே உட்காருகின்றன. உள்ளே ஆள் இல்லை என்று அவற்றுக்குத் தெரிந்துவிட்டது.

நான்தான் இன்னும் இரண்டு பேருக்குக் கூழ் எடுத்துப் போகிறேன்.

இப்படிக்கு,
காட்டில் நிற்பவள்