காய்ந்த தண்டு

அக்கா,

அம்மா காட்டிலிருந்து தேடிக் கொண்டுவந்த நீலப்பூச் செடி இன்று பூத்திருக்கிறது. தோட்டத்தைச் சுத்தம் செய்தபோது நீ பிடுங்கி எறிந்தாயே, அதேதான். கோடையில் அது காய்ந்துபோவது வழக்கமாம். உன் கையோடு வந்தது தண்டு மட்டும்தான். கிழங்கு மண்ணுக்குள் உயிரோடு இருந்திருக்கிறது. அது தெரியாமல், "அம்மாவோட கடைசிச் செடியையும் கொன்னுட்டியே, போ வெளியே!" என்று கத்தினேன். நீயும் போய்விட்டாய்.

பக்கத்து வீட்டு டெய்லர் மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்தார். "ஒரு வருஷமா அந்த இடத்துல ஒண்ணும் நடாம பிடிவாதமா இருந்தியே, பொழச்சுக்கிச்சு பாரும்மா. யார்கிட்டயாவது சொன்னியா?"

இன்னும் இல்லை.

பூ மூன்று நாள்தான் நிற்கும். கடிதம் உன் கைக்கு வருவதற்குள் உதிர்ந்துவிடும். பரவாயில்லை, தண்டு காயும்போது வா. இந்த முறை இரண்டு பேருமே அதைத் தொடாமல் இருப்போம்.

உன் தங்கை