எஸ்தர் பாடாத டூயட்

நவம்பர், இரண்டாம் சனிக்கிழமை

ஆனேக்கல் பக்கம் இருக்கிற பைபிள் காலேஜில் இன்று ஆண்டு விழா. கீபோர்டு வாசிக்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். எங்கள் ஏரியா மர்பி டவுனில் என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்? அக்கா மகள் எஸ்தர் அங்கேதான் படிக்கிறாள். சினிமாப் பாட்டு அங்கே ஆகவே ஆகாது. அது எனக்கும் தெரியும்.

மைக் சரிபார்க்கும்போது விரல் தன்னால் எங்கள் பழைய சினிமா டூயட்டுக்குள் போய்விட்டது. கல்யாண மேடைகளில் நானும் எஸ்தரும் சேர்ந்து பாடியது. ஆயிரம் பிள்ளைகள் எழுந்து நின்று கை தட்டினார்கள். முதல் இரண்டு வரிசையாவது நிச்சயம் தட்டியது. பிரின்சிபால் ஓடி வந்து, "பிரதர், இது ஆராதனை மேடை" என்றார். எஸ்தர் தலை குனிந்துகொண்டாள்.

விழா முடிந்ததும் அவளிடம் கேட்டேன். "நாளைக்கு அல்சூர்ல ரிசப்ஷன். வந்து ஒரே ஒரு பாட்டு பாடும்மா. உங்க காலேஜுக்கு யார் போய்ச் சொல்லப் போறா?"

"காலேஜுக்குப் பயந்து இல்ல மாமா. எனக்கே வேணாம்னு தோணுது."

"நம்ம ஆர்கெஸ்ட்ரால எல்லார்கிட்டயும் நீ வரேன்னு சொல்லிட்டேனே!"

"நீங்க எப்பவும் அப்படித்தான்" என்று சிரித்தாள். நான் பஸ் ஏறும்வரை என் கையை விடவில்லை.

வேறு பெண்ணைக் கூப்பிடலாம் என்கிறான் டிரம்ஸ் வாசிக்கிற பாபு. வேண்டாம் என்றேன். எஸ்தரின் வரிகளை நானே கீபோர்டில் புல்லாங்குழல் டோன் வைத்து வாசித்துவிடுவேன். என்னால் முடியாததா? சரணத்தில் அவள் மூச்சு வாங்க நிறுத்துகிற இடத்தில் நானும் நிறுத்துவேன். "குரு, தாளம் போகுது" என்று பாபு கத்துவான். கத்தட்டும்.