நீங்கள் கூட்டிய ஜெர்மானியம்

பாய், காலையில் கீழவாசல் காய்க்கடையில் அழுகின முள்ளங்கி நாற்றம். செலினியம் கசிந்தால் நம் பட்டறையில் அடிக்கும் அதே நாற்றம். பக்கத்தில் நீங்கள் நிற்பதாக நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். உங்களை அடக்கம் செய்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் உங்கள்மேல் பழி போட்டுவிட்டேன்.

செலினியத்தையும் ஜெர்மானியத்தையும் நீங்கள் எடைபோட்டுக் கலப்பீர்கள். நான் உருக்கி, இளஞ்சூட்டில் வைத்து மெல்ல ஆற்றுவேன். கறுப்புக் கண்ணாடி வரும். கண்ணுக்கு எதுவும் தெரியாது, வெப்பம் மட்டும் ஊடுருவும். சூட்டைப் படம் பிடிக்கும் கேமராவுக்கு அதுதான் லென்ஸ். திருப்பனந்தாள் பக்கம் ஒரு அரிசி ஆலையில், நெல் அவிக்கும் ஆவி பட்டு நம் லென்ஸ் இளகி வளைந்தது.

"செலினியம் ஜாஸ்திண்ணே, பிடிப்பு பத்தல. ஜெர்மானியத்தக் கூட்டுவோம். சூடும் தாங்கும், கெட்டியாவும் இருக்கும்" என்றீர்கள்.

"எந்தக் காலேஜுல படிச்சீங்க பாய்?"

"நீங்க உலை மூட்டப் படிச்சீங்கள்ல, அதே காலேஜுதான்."

சிரித்துவிட்டு, "சரக்கு மாறுதுண்ணே. ஆத்துற சூட்டையும் ஏத்தணும்" என்றீர்கள். என் உலையைப் பற்றி எனக்கே சொல்வதா என்று பேச்சை நிறுத்திக்கொண்டேன். எனக்கும் யாரும் சொல்லித் தரவில்லை. கையைச் சுட்டுக்கொண்டு கற்றது.

நீங்கள் போன பிறகு, நீங்கள் எடைபோட்டு வைத்திருந்த கலவையை உருக்கி வழக்கமான சூட்டிலேயே ஆற்றினேன். சாணையில் வைத்ததும் எல்லாம் விரிசல் விட்டன. முதலாளியம்மா கேட்டபோது, "பாய் ஜெர்மானியத்தக் கூட்டி அப்பளமாக்கிட்டாரு" என்றேன். எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"சரி, அந்தக் கலவையே வேணாம், விட்டுருங்க" என்றார். பதில் சொல்ல நீங்கள் இல்லை.

சூட்டை ஏற்றினாலும் உடையும், நான் சொன்னதுதான் சரி என்று காட்டவே, மிச்சமிருந்த சரக்கை உருக்கி, சூட்டை ஏற்றி ஆற்றினேன். சாணையில் ஒரு கீற்று விரிசல்கூட விழவில்லை. ஆவியில் வைத்தேன், வளையவில்லை. கெட்டியான கண்ணாடிக்குள் இருக்கும் இறுக்கம் தளர என் பழைய சூடு போதாது. இவ்வளவுதான் விஷயம்.

முதலாளியம்மாவிடம் போனேன். "பாய் கலவை சரிதாம்மா. நான்தான் சூட்ட ஏத்தல."

"அவரு உங்ககிட்ட சொல்லலையாண்ணே?"

தலை நிமிரவில்லை. "சொன்னாரு" என்றேன்.

இனி அந்தக் கலவைதான் என்று சொல்லிவிட்டார். சாணைக்காரர்கள் என்னிடம் எப்போதும்போல் பேசுகிறார்கள். அதுதான் தாங்கவில்லை. நீங்கள் இருந்து நாலு வார்த்தை திட்டியிருந்தால் நானும் திருப்பிச் சண்டை போட்டிருப்பேன். இப்போது ஒவ்வொரு முறையும் சூட்டை நானாகவே ஏற்றுகிறேன், பாய். ஏற்றச் சொன்ன குரலுக்கு இன்னும் பதில் சொல்ல முடியவில்லை.