இரண்டு டிக்கெட், ஒரு பெட்டி

அன்புள்ள வாலுவுக்கு, அம்மா எழுதுவது. இங்கே எனக்கு முதுகைத் தவிர எல்லாம் சௌக்கியம், உன் அப்பாவுக்குப் பிடிவாதத்தைத் தவிர எல்லாம் சௌக்கியம். நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருப்பவரும் எப்படி இருக்கிறீர்கள், கால் வீக்கம் வடிந்ததா என்று எழுது. ஃபோன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று யோசிப்பாய். ஃபோனில் பேசினால் உன் அப்பா பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, பேப்பர் படிக்கிற மாதிரி உட்கார்ந்து, நான் வாயைத் திறந்ததும் குறுக்கே பேசுவார். காகிதத்தில் யாராலும் குறுக்கே பேச முடியாது, அதனால்தான்.

போன வாரம் நீ சொன்ன டிக்கெட் விஷயத்தை, தையல் மெஷினில் உட்கார்ந்தபடியே திரும்பத் திரும்ப யோசித்துப் பார்த்தேன். நம் ஊரிலிருந்தே ஏறினால், உன் பேங்க் கார்டில் டிக்கெட்டுக்காக நீ சேர்த்துவைத்த பாயிண்ட் முழுக்க எனக்கு ஒருத்திக்கே போய்விடும். அதே கம்பெனி விமானத்தை அந்தப் பெரிய ஊருக்குப் போய் அங்கே பிடித்தால் பாதிப் பாயிண்ட்தான். அந்த ஊர் வரைக்கும் ஒரு சின்ன விமானத்துக்குத் தனியாக டிக்கெட் வாங்கிக்கொண்டால், இருக்கிற பாயிண்டிலேயே ரெண்டு பேரும் வந்துவிடலாம். ஏறுகிற ஊர் மாறினால் விலை பாதியாகும் என்பதை முதலில் என்னால் நம்பவே முடியவில்லை. அப்புறம் பார்த்தால் நம் தெருவிலும் அதே கதைதான், ஒரே துணியைத் தைக்க மெயின் ரோட்டுக் கடையில் ஒரு கூலி, சந்துக்குள் இருக்கிற என் கடையில் ஒரு கூலி. பாயிண்ட் சீட்டு ரெண்டுதான் மிச்சம், ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிவைச் சொல்லு என்றாய். இதோ சொல்கிறேன், ஆனால் நடந்ததை முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் சொல்வேன்.

உன் அப்பாவிடம் விவரம் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, சின்ன விமானம் லேட்டானா பெரிய விமானம் நிக்குமா என்பது. நிற்காது, ரெண்டும் வேறு வேறு டிக்கெட், இவன் லேட்டானதற்கு அவன் பொறுப்பில்லை, பெட்டியைக்கூட நாமே வெளியே வாங்கி மறுபடியும் போட வேண்டும் என்று நீ சொன்னதை அப்படியே சொன்னேன். மனிதருக்கு வந்ததே கோபம். பள்ளிக்கூட வேன் ஓட்டிய காலமெல்லாம் ஒரு பிள்ளையைக்கூட விட்டுவிட்டுப் போகாதவர், ஒற்றை ஷூவைத் தேடுகிற பிள்ளைக்காக வாசலில் வண்டியை நிறுத்திவைத்து, வேன் மொத்தமும் லேட்டாகி, ஹெட்மாஸ்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர். டிக்கெட் எடுத்த ஆளை விட்டுட்டுப் போறவன் என்ன டிரைவர் என்று முகம் தெரியாத அந்த பைலட்டைப் பிடித்துத் திட்டினார். கடைசியில், நீ நம்ம ஊர்லயே நேரா ஏறிப் போ, நான் வந்து என்ன பண்ணப்போறேன், எனக்கு இங்க வேலை இருக்கு என்று எழுந்துவிட்டார். என்ன வேலை என்று கேட்டால் தண்ணீர் மோட்டாரைப் பார்த்துக்கொள்ள வேண்டுமாம்.

மோட்டாரும் இல்லை, பைலட்டும் இல்லை, காரணம் உனக்கே தெரியும். நீ அந்த வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பிய அன்றைக்கு, போறதா இருந்தா இனிமே என்கிட்ட பேசாத என்று ஆத்திரத்தில் சொல்லிவிட்டார். நீயும் அவர் பெற்றவள்தானே, சரி பேசவில்லை என்று கிளம்பிவிட்டாய். அன்றிலிருந்து நடுவில் நான்தான் தபால்காரி. சாப்பிட்டாளான்னு கேளு என்பார் அவர், மாத்திரை போட்டாரான்னு கேளு என்பாய் நீ. உன் கல்யாணத்தில்கூட, நெருங்கி நில்லுங்க என்று போட்டோக்காரர் சொன்னதற்கு ஆளுக்கொரு உம் கொட்டியதோடு சரி. எனக்கு அலுத்துவிட்டது, தங்கம். உன் பிள்ளை பிறக்கிற நேரத்தில் அவர் இங்கே மோட்டாருக்குக் காவல் இருந்தால், அப்புறம் உங்கள் ரெண்டு பேரையும் பேச வைக்க என்னால் ஆகாது.

நேற்று நடந்ததைக் கேள். அவர் பேச்சை முடித்தாலும் நான் முடிக்கவில்லை. சின்ன விமானத்தில் பெட்டிக்கு எடை கம்மி, பெரிய விமானத்தை நம்பிக் கட்டிவிடாதே என்று நீ சொன்னாய் இல்லையா, எதற்கும் இருக்கட்டும் என்று பெட்டியைத் தள்ளிக்கொண்டு பழைய பேப்பர் கடைக்குப் போனேன், அங்கேதான் பெரிய தராசு இருக்கிறது. பிறக்கப்போகிறவருக்கு வெட்டுத்துணியில் தைத்த சட்டைகள், உனக்கு நைட்டி, என் துணிமணி, நான் வைத்தது அவ்வளவுதான். கடைக்காரர் எடையைப் பார்த்துவிட்டு, என்னக்கா, தையல் மெஷினையே உள்ள வச்சுட்டீங்களா என்றார். அங்கேயே ஒரு பேப்பர் கட்டின்மேல் உட்கார்ந்து பெட்டியைத் திறந்து கிளறினேன். என் புடவைகளுக்கெல்லாம் அடியில் உன் அப்பாவின் ஸ்வெட்டர், பேன்ட், சட்டை, ஷேவிங் செட், ஒரு துண்டில் சுற்றிய ஸ்பேனர்கள். டிக்கெட்டே வேண்டாம் என்ற மனிதர் துணிமணியை மட்டும் முன்னால் அனுப்பப் பார்த்திருக்கிறார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது, கடைக்காரர் பயந்துபோய் சோடா வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து கேட்டேன். அங்க உனக்குக் குளிருமேன்னுதான் ஸ்வெட்டர வச்சேன் என்றார். சரி, நான் எதற்கு ஷேவிங் பண்ணப்போகிறேன் என்றேன். எழுந்து போய் ஃபேனைக் கூட்டி வைத்துவிட்டு வந்தார். ஸ்பேனர் எதற்கு என்றேன். தொட்டில் வாங்கினா பூட்டணும்ல, அவங்க ரெண்டு பேருக்கும் அதெல்லாம் கை வராது என்றார். அப்புறம் குரலை இறக்கி, நான் வந்தா அவ பேசுவாளா என்று கேட்டார். அதற்கு நான் என்ன சொல்வது, அது நீ சொல்ல வேண்டிய பதில். அவர் இப்படிக் கேட்டு நான் பார்த்ததே இல்லை.

அதனால் ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் வைத்துக்கொண்டிருக்காதே, ரெண்டு சீட்டையும் இன்றைக்கே போட்டுவிடு. அங்கே வந்து இறங்கியதும் அவராகப் பேசட்டும் என்று நிற்காமல் நீ முதலில் அப்பா என்று கூப்பிடு, மீதியை அவர் பார்த்துக்கொள்வார். இரும்புச்சத்து மாத்திரை போட்ட கையோடு டீ குடிக்காதே, குனிந்து எதையும் தூக்காதே, மாப்பிள்ளை நல்ல பிள்ளை, நன்றாக வேலை வாங்கு. இதைப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்ப உன் அப்பாவிடம்தான் கொடுக்க வேண்டும், நான் எடுத்தால் எழுத்தெல்லாம் ஆடிப்போய் விழுகிறது. படிப்பார், படிக்கட்டும்.

சுகமாகப் பெற்றெடுத்து, தாயும் பிள்ளையும் நோய் நொடி இல்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும், அதுதான் என் ஆசீர்வாதம். பாஸ்போர்ட்டில் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே ரெண்டு டிக்கெட்டிலும் போட மறக்காதே.

உன் அம்மா

வாலு, நான் அப்பா எழுதுகிறேன். சின்ன விமானத்துக்கு முந்தின நாளே டிக்கெட் போடு. ஒரு ராத்திரி அந்த ஊரில் உட்கார்ந்திருக்க எனக்கு ஒன்றும் கஷ்டமில்லை. லேட்டாகப் போய், உன்னைப் பார்க்காமல் திரும்பி வர என்னால் முடியாது.

அப்பா