பூச்சித் தடுப்பு மாட்டிய சாயங்காலம்

நைனா, மழை விட்டதும் இன்று வீட்டுக்குள் ஈசல் புகுந்துவிட்டது. டியூப்லைட்டைச் சுற்றி ஒரே மொய்ப்பு. உன் பேத்தி கைதட்டிக் குதிக்கிறாள். என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. விளக்கை அணைத்துவிட்டு, வாசல் பல்பின் வெளிச்சத்தில் உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

பிரசவத்துக்காகத் தண்டையார்பேட்டையில் உன் வீட்டுக்கு வந்திருந்தேனே, அந்த மழைக்காலம். லாரியில் நெல்லூர் லோடு போய்த் திரும்பும்போதெல்லாம் உனக்கு ஒரே புலம்பல். "கண்ணாடி பூரா பூச்சிம்மா. வைப்பர் போட்டா பால் ஊத்தின மாரி ஆயிடுது. ரோடே தெரில." நீ எந்த வண்டியின் பின்னால் போய் மோதுவாயோ என்று கைக்குழந்தையோடு நான் தூங்காமல் கிடப்பேன். அடுத்த லோடுக்கு முன்னால் பூச்சித் தடுப்பு மாட்டியே ஆகவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது நான்தான்.

"விலங்கியல் படிச்ச பொண்ணு! பூச்சியெல்லாம் உன் தோஸ்துங்கதானே, வராதீங்கன்னு சொல்லேன்" என்று சிரித்துக்கொண்டே லாரி சாமான் கடைக்கு வந்தாய்.

உன்னுடையது மூக்கு நீண்ட பழைய லாரி. மூக்கின் முன்விளிம்பில் ஒரு வளைந்த பிளாஸ்டிக் பலகையை நிறுத்தினால், எதிர்க்காற்று மேலே எழும்பிப் பூச்சியைக் கண்ணாடிக்கு மேலாகத் தூக்கிப் போய்விடும். நீ கறுப்புப் பலகையைத் தடவித் தடவிப் பார்த்தாய். "ஷோக்கா கீதே!"

"ஷோக்கு இன்னாத்துக்கு அண்ணாத்தே? இது ஒசரமா நிக்கும், ரோட்ட மறைக்கும். தெரியறா மாரி எடு" என்றார் கடைக்காரர். நிறமில்லாததை நான் எடுத்துக்கொண்டேன். அவர் துளை போடும் மெஷினைத் தூக்கியதும் நீ குறுக்கே போய் நின்றாய். "மூக்குல ஓட்ட போட்ட, கைய ஒடிச்சிடுவேன். எண்ணூர் உப்புக்காத்துக்கு ஒரே மாசத்துல துரு தின்னுடும்." ரப்பர் வைத்த கிளாம்பில் இறுக்கினார்கள், சேற்றைக் கழுவ விரல் நுழையும் இடைவெளி விட்டு. நீ பலகைக்குக் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, முன்சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கினாய்.

எண்ணூர்வரை ஓட்டிப் பார்க்கலாம் என்று கிளம்பினாய். என் கண்ணால் பார்த்தால்தான் எனக்கு நிம்மதி என்று, குழந்தையோடு நானும் ஏறிக்கொண்டேன்.

இருட்டிக்கொண்டு வந்தது. ஹெட்லைட் வெளிச்சத்தில் வந்த பூச்சிகள் பலகையருகே மேலேறிக் கூரையைத் தாண்டிப் போயின. கண்ணாடி பளிச்சென்று இருந்தது. அப்பாடா என்று சாய்ந்தேன். அப்போது நீ வைப்பரைப் போட்டாய். காய்ந்த கண்ணாடியில் அது கரகரவென்று இழுத்தது.

"எதுக்கு நைனா?"

"இன்னா பலகை இது? பூச்சி வந்துகினே கீது பாரு."

"எங்க?"

"தோ, எதிர் லைட்ட சுத்தி மொய்க்குது, தெரில உனுக்கு?"

எதிர் விளக்கைச் சுற்றி ஒன்றுமே இல்லை. நான் உன் முகத்தைப் பார்த்தேன். திரும்பினால், சாலை நடுவில் தலையில் மீன்கூடையோடு ஒருவர்.

"நைனா, ஆளு!"

பிரேக் அலறியது. குழந்தை வீறிட்டாள். கைக்கெட்டும் தூரத்தில் அவர் தப்பி நின்று கத்தினார்: "யோவ் பெர்சு! கண்ணு தெரில? வூட்ல சொல்லிகினு வந்துட்டியா?"

வேறு நாளென்றால் அவருடைய ஏழு தலைமுறையையும் இழுத்திருப்பாய். அன்று வண்டியை மெல்ல ஓரம் கட்டினாய்.

"நைனா, கண்ணாடில ஒரு பூச்சிகூட இல்ல."

வைப்பரை நிறுத்தினாய். "தெரியும்மா" என்றாய். "பூச்சின்னு சொன்னா யாரும் வண்டிய புடுங்க மாட்டான்ல?"

"நாளைக்கு லோடு?"

சாவியை உருவி என் மடியில் வைத்தாய். தெரிந்த டிரைவர் ஒருவர் வந்து வண்டியை எடுக்கும்வரை நாம் ஓரமாக உட்கார்ந்திருந்தோம். நீ குழந்தையின் பாதத்தைப் பிடித்துக்கொண்டே இருந்தாய்.

இரண்டு கண்ணிலும் புரை முற்றியிருந்தது. அறுவை முடிந்து கட்டைப் பிரித்த அன்று உன் பேத்தியை உற்றுப் பார்த்துவிட்டு, "அடிங்க! இவ புருவத்துல மச்சம் கீதா? யாருமே சொல்லல!" என்று கத்தினாய். அத்தனை மாதம் தூக்கி வைத்துக் கொஞ்சிய முகம். நான் வெளியே ஓடிவிட்டேன்.

போன கோடையில் வீட்டுப் பாயில் தூக்கத்திலேயே போனாய். சாலையில் இல்லை. அதைச் சொல்லிச் சொல்லித்தான் மனத்தைத் தேற்றுகிறேன்.

பயம் மட்டும் என்னை விடவில்லை, நைனா. ஷேர் ஆட்டோவில் ஏறுமுன் ஓட்டுகிறவரிடம் தெரிந்த வழியையே கேட்கிறேன். அவர் என் பக்கம் திரும்பியதும் கண்களைப் பார்க்கிறேன். அதன் பிறகுதான் உன் பேத்தியைத் தூக்கி உள்ளே உட்கார வைக்கிறேன்.