பின்னால் உட்கார்ந்தவள் தேர்ந்தெடுத்த பிரேக்

காலையில் சாரல் நடைவரை அடித்தது. நனையாமல் இருக்க உங்கள் சைக்கிளைச் சுவரோரம் நகர்த்தினேன். எண்ணெயும் ரப்பரும் கலந்த வாசனை கையில் ஒட்டிக்கொண்டது. சோப்புப் போட மனம் வரவில்லை. அடுப்பைக்கூட மூட்டாமல் உங்களுக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். வேறு யாரிடம் இதைப் பேசுவது?

கல்யாணமான புதிது, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தி நாலோ ஐந்தோ. வீடு நிறைய ஆட்கள். நாம் வாய்விட்டுப் பேசியதெல்லாம் தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே, அந்தச் சைக்கிளில்தான். நீங்கள் மிதிப்பீர்கள், நான் பின்னால் கேரியரில்.

அந்தச் சீசனில் ஒரு ஞாயிறு, உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்து அருவியில் குளித்துவிட்டு வந்தீர்கள். ரிம் நனைந்திருந்தால் பிரேக் பிடிக்காது என்று, உடம்பு துவட்டிய துண்டாலேயே இரண்டு சக்கரத்தையும் அக்கறையாகத் துடைத்தீர்கள். துண்டில் இருந்த எண்ணெயெல்லாம் ரிம்முக்குப் போனது. இலஞ்சி வரும்போது இறக்கத்தில் நீங்கள் பிரேக்கைப் பிடிக்கப் பிடிக்க வண்டி வழுக்கிக்கொண்டே ஓடி, இரண்டு பேரும் வயலில் கிடந்தோம். எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. உங்கள் முகத்தில் ஈயாடவில்லை.

"இனிமே நீ அம்மாகூட பஸ்ல வா ஏட்டி. நான் தனியா வாரேன்" என்றீர்கள்.

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. வாரத்தில் நமக்கென்று இருந்தது அந்த ஒரு வழிதான். "பிரேக்கை மாத்துங்க. என்னைய ஏன் மாத்துதிய?" என்று கேட்டேன்.

மறுநாள் சைக்கிள் கடைக்கு என்னையும் கூட்டிப் போனீர்கள். பழைய கம்பி பிரேக்குக்குப் புது ரப்பர் போட்டால் போதும் என்றார் கடைக்காரர். உங்களுக்கோ பளபளவென்று இருந்த ஒயர் பிரேக் மேல் கண். அதுவும் ரிம்மைத்தான் பிடிக்கும். மூலையில் நின்ற ஒரு வண்டியில் கால் பிரேக் இருந்தது. பெடலைப் பின்பக்கமாக மிதித்தால் பின்சக்கரம் நின்றுவிடும். பிடிப்பதெல்லாம் சக்கரத்தின் நடுவே, உள்ளுக்குள். மழையும் எண்ணெயும் அங்கே போகாது.

"பின்னால உக்காருதவ அவதான் அண்ணாச்சி. அவளே சொல்லட்டும்" என்றீர்கள். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ரிம்ல எண்ணெயத் தடவுங்க. நான் ஏறி உக்காந்து பாத்துதான் சொல்லுவேன்" என்றேன். தெருவே வேடிக்கை பார்க்க, அந்தக் கால் பிரேக் வண்டியில் என்னை வைத்து மிதித்தீர்கள். சொன்ன இடத்தில் வண்டி நின்றது. அதையே மாட்டச் சொன்னேன்.

அதில் ஒரு தொல்லை இருந்தது. பேச்சு சுவாரசியத்தில் பெடலைச் சும்மா பின்னால் சுற்றுவது உங்கள் பழக்கம். கதை உச்சத்துக்கு வரும்போதெல்லாம் வண்டி வெடுக்கென்று நிற்கும், என் நெற்றி உங்கள் முதுகில் முட்டும். "இடிச்சிட்டா ஏட்டி?" என்று திரும்பிக் கேட்டுவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடருவீர்கள். கடைசிவரை அந்தப் பழக்கம் போகவில்லை. போக வேண்டும் என்று நானும் வேண்டிக்கொண்டதில்லை.

நீங்கள் காய்ச்சலில் போய் இது இரண்டாவது சீசன். இப்போது நான் பஸ்ஸில்தான் குற்றாலம் போகிறேன். டிரைவர் பிரேக் போட்டால் எல்லோரும் கம்பியைப் பிடித்துக்கொள்கிறார்கள். எனக்குக் கை எழுவதில்லை, நெற்றிதான் முந்திக்கொண்டு போகிறது. முன்சீட்டு இரும்பில் நன்றாகவே இடிக்கிறது. யாராவது கேட்பார்களா என்று ஒரு நிமிஷம் அப்படியே குனிந்திருக்கிறேன்.