இத்தா வீட்டில் பேரிக்காய் வாசம்

1956 ஜூலை 4, புதன்

காலை 53 டிகிரி ஃபாரன்ஹீட். மூடுபனி. மழை இல்லை. ஆப்சர்வேட்டரியில் வானிலைக் கணக்கு எழுதி ஓய்வு பெற்று ஐந்து வருஷம் ஆகிறது. இன்னும் தெர்மாமீட்டரைப் பார்க்காமல் பேனாவைத் திறக்க வரவில்லை.

மகள் சுலைகா இன்றும் சரியாகச் சாப்பிடவில்லை. மருமகன் மே மாதத் தொடக்கத்தில் திண்டுக்கல்லில் காய்ச்சலில் போய்விட்டார். வைத்துக்கொள்ள இடமில்லை என்று அவர் வீட்டார் சொல்லிவிட்டதால் இங்கே, மலைமேல் நாயுடுபுரத்தில், எங்கள் பின்னறையில் இத்தா இருக்கிறாள். கணவனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இருக்க வேண்டும். அது எல்லாப் பெண்களுக்கும் உள்ளதுதான். என் கவலை அதுவல்ல. அவள் பேசுவதில்லை. என்ன கேட்டாலும் தலையசைப்புதான்.

இருபத்திரண்டு வயது. அவளிடம் சொல்ல வேண்டியதை மனதுக்குள் வரிவரியாக அமைத்துக்கொண்டு போகிறேன். கதவருகே நின்று, "போர்வை போதுமாம்மா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறேன். தகப்பன் பேசுகிற பேச்சா இது?

ஜூலை 8, ஞாயிறு

சுலைகா அடுப்படிக்கு வந்தாள்!

காற்றில் உதிர்ந்த பேரிக்காய்களை என் மனைவி ரபியா முறத்தில் குவித்து வைத்திருந்தாள். இவள் தானாகவே வந்து உட்கார்ந்து தோல் சீவத் தொடங்கினாள். ரபியா என்னைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தாள். நான் அசையவில்லை.

கல்யாணத்துக்கு முன் மிஷன் பங்களாவுக்குத் தையல் படிக்கப் போனபோது அங்கிருந்த அமெரிக்க அம்மாள் சொல்லிக்கொடுத்த பேரிக்காய்ப் பலகாரத்தைச் செய்தாள். அவர்கள் ஊரில் வேறு கொட்டை போடுவார்களாம். இவள் நிலக்கடலையை வறுத்துத் தோல் புடைத்து ஒன்றிரண்டாகத் தட்டினாள். மைதா, நாட்டுச் சர்க்கரை, வெண்ணெய் சேர்த்து, விரல் நுனியால் புட்டு மாவு போல உதிரியாகப் பிசிறினாள். பேரிக்காய்த் துண்டுகளில் எலுமிச்சைச் சாறும் பட்டைத்தூளும். இரும்புச் சட்டியில் பழம் கீழே, கடலைப் பிசிறல் மேலே. வெள்ளைக்காரர் வீட்டு அடுப்பு நமக்கு ஏது? கரியடுப்பில் சட்டியை ஏற்றி, மூடியின்மேல் தணலை அள்ளிவைத்தாள்.

சூடாகத் தட்டில் வைத்தாள். கீழே பழம் குழைந்து இளகியிருந்தது. மேலே கடித்தால் சத்தம் கேட்டது.

"நல்லா இருக்கா அத்தா?"

இரண்டு மாதத்தில் அவளாகக் கேட்ட முதல் வார்த்தை. நான் "ம்" என்றேன். வெறும் "ம்". ஏன் அதற்குமேல் வரவில்லை?

ஜூலை 9

52 டிகிரி. நேற்று மிச்சமிருந்ததைக் காலையில் மூன்று பேரும் சாப்பிட்டோம். அவளும்தான்.

ஜூலை 15, ஞாயிறு

போர்டிங் ஹவுஸ் பட்லர் சுப்புராஜ் முட்டை வாங்க வந்தார். ரபியா ஒரு தட்டு கொடுத்தாள். நின்றபடியே சாப்பிட்டுவிட்டு, "யார் கைப்பக்குவம் சார் இது?" என்றார். சொன்னேன்.

"டெய்லி கஸ்டர்டு சார். அதைப் பார்த்தாலே கெஸ்ட்டுங்க ஸ்பூனைக் கீழ வச்சுர்றாங்க. சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை ஒரு ட்ரே இது குடுங்க. எங்க புட்டிங் குக் செப்டம்பர்ல போறான். தங்கச்சிக்கு இத்தா முடியட்டும். வர்றதா இருந்தா அந்த இடம் தங்கச்சிக்குத்தான். முதலாளி மேடம்கிட்ட நான் பேசுறேன்."

பின்னறைக் கதவு அரை அங்குலம் திறந்தது. நான் பார்த்தேன். "யோசிக்கிறோம்" என்று சொல்லி அனுப்பினேன். அவர் போனபின் ரபியா, "யோசிச்சு யோசிச்சே உங்க முடி கொட்டிப் போச்சு" என்றாள். சனிக்கிழமை ட்ரேக்கு அவளே சம்மதம் சொல்லி அனுப்பியிருக்கிறாள்.

ஜூலை 28, சனி

எழுதக் கூச்சமாக இருக்கிறது.

இரண்டாவது ட்ரே அடுப்பில் இருந்தபோது பின்வீட்டு ஃபக்ருன்னிசா வேலியருகே வந்து ரபியாவைக் கூப்பிட்டாள். "மாப்பிள்ளை கப்ரு மண்ணு இன்னும் காயல. ஒங்க வீட்டு வாசம் தெருவைத் தூக்குது. இத்தாப் பொம்பளைக்கு வாசனை ஆகுமாக்கா?"

"பூசிக்கிற வாசனைதான் ஆகாது, திங்கிற வாசனை இல்ல. வேணும்னா நீயும் ஒரு தட்டு வாங்கிட்டுப் போ, வாய் அடையும்" என்றாள் ரபியா.

ரபியா சொன்னதுதான் சரி. எனக்கும் தெரியும். மார்க்கக் கிதாபில் தேடிப் பார்த்துத் தெரிந்துகொண்டவன் நான். அப்படியிருந்தும் உள்ளே போய், "கொஞ்ச நாளைக்கு இது வேண்டாம்மா, ஜனங்க பேசுறாங்க" என்றேன்.

அவள் செம்பை எடுத்தாள். தணலில் தண்ணீரை ஊற்றினாள். அடுப்படி முழுதும் சாம்பல் பறந்தது.

ஜூலை 30

கதவு சாத்தியே இருக்கிறது.

ஆகஸ்ட் 2, வியாழன்

பழநியிலிருந்து யாகூப் அண்ணன் வந்தார். சுலைகாவின் தலையில் கைவைத்து துஆ செய்தார். கண் கலங்கினார். அது நடிப்பல்ல. எங்கள் அத்தா மௌத்தாகி, தகப்பன் இல்லாமல் நின்ற என்னைத் தோளில் சுமந்து பள்ளிக்கூடத்தில் விட்டவர். நான் இங்கிலீஷ் படித்தது அவரால்.

பிறகு முன்னறையில் சொன்னார்: "ஏலே ஜலீலு, ஒரு எடம் தெகைஞ்சிருக்கு. ஒட்டன்சத்திரம் ஜமால் முகம்மது. மொத்த யாபாரம். மூத்த பொண்டாட்டி படுத்த படுக்கையாக் கெடக்கா. வீட்டைப் பாக்க, அவளைத் தூக்கி எடுக்க, ஒரு ஆளு வேணும்கிறான். நம்ம புள்ளைக்குச் சோத்துக்குத் துணிக்குக் கொறை இருக்காது. இத்தா முடிஞ்ச மறுவாரமே வெரசா முடிச்சுருவோம். என்ன சொல்ற?"

இத்தா நடக்கும்போது நிக்காஹ் பேசி முடிவு செய்யக் கூடாது. அதுவும் எனக்குத் தெரியும். அவருக்கு எப்படி எடுத்துச் சொல்வது என்று வாக்கியத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் வாய், "பாக்கலாம்ணே" என்றது.

"அப்ப சரி" என்று எழுந்துவிட்டார். நான் "பாக்கலாம்" என்றால் சரி என்றுதான் அவருக்கு அர்த்தம். அறுபது வருஷமாக அப்படித்தான் இருந்திருக்கிறேன். அவர்மேல் என்ன தப்பு?

ஆகஸ்ட் 3

ஜும்ஆ தொழுகை முடிந்து வந்ததும் ரபியா கேட்டாள்: "தூக்கி எடுக்க ஆளு வேணும்னா கூலிக்கு ஆள் வைக்கச் சொல்லுங்க. அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

கேட்கவில்லை.

ஆகஸ்ட் 11, சனி

51 டிகிரி. தூறல்.

சுப்புராஜ் நேற்று வழியில் பார்த்துக் கேட்டார். ட்ரே நின்றுபோனால் வேலைக்கு வேறு ஆளைப் பார்க்கும்படி மேடம் சொல்லிவிடுவார்களாம். இரவெல்லாம் யோசித்தேன். நான் செய்தால் என்ன? கிழவன் அடுப்பு மூட்டினால் இத்தாவைப் பற்றி யார் பேச முடியும்?

சுலைகா செய்ததைப் பார்த்திருக்கிறேன். ஜூலை 8-ஆம் தேதிக் குறிப்பைப் பிரித்து வைத்துக்கொண்டேன். கடலை வறுத்தேன், பிசிறினேன், அடுக்கினேன். ரபியா வாசற்படியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள். உதவக் கூடாது என்று நான்தான் சொல்லியிருந்தேன்.

பிறகு வாசம் ஞாபகம் வந்தது. ஃபக்ருன்னிசா. கையளவு மைதாவைப் பிசைந்து திரியாக உருட்டி, மூடிக்கும் சட்டிக்கும் இடையில் சுற்றிலும் ஒட்டி அடைத்தேன். எங்கள் கல்யாண வீடுகளில் பிரியாணிக்குத் தம் போடுகிறபோது சின்ன வயதிலிருந்து பார்த்த வேலை. இது ஒன்றுதான் எனக்கு நிச்சயமாகத் தெரியும் என்று தோன்றியது. துளி வாசம் வெளியே வரவில்லை. சந்தோஷப்பட்டேன்.

திறந்தால், மேலே மொறுமொறுப்பு இல்லை. கஞ்சி. கடலை அவித்த கடலையாகிக் கிடந்தது. மூடியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. என் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள்.

"பிரியாணிக்கா அத்தா தம் போட்டீங்க?"

சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, சுவரில் சாய்ந்து சிரித்தாள். பிறகு அது அழுகையானது. ரபியா எழுந்து வந்து பிடித்துக்கொண்டாள். நான் கரண்டியோடு நின்றேன்.

அடங்கியபின் அவளே சொன்னாள், "ஆவி வெளிய போகணும் அத்தா. ஒரு ஓரம் தூக்கி வைக்கணும்." பிறகு தட்டைப் பார்த்துக்கொண்டே, "பெரியத்தாகிட்ட சரின்னு சொல்லிட்டீங்களா?" என்றாள்.

"சரின்னு சொல்லலம்மா."

"இல்லைன்னும் சொல்லலையே."

கரண்டியைக் கீழே வைத்தேன். கடைசியாகக் கேட்டேன், கேட்க வேண்டியதை. "உனக்கு என்னம்மா வேணும்?"

"நான் அங்க போகமாட்டேன். சுப்புராஜ் அண்ணன் சொன்ன வேலைக்குப் போறேன்."

இவ்வளவு தெளிவாகச் சொல்ல அவளால் முடிகிறது. யாரைப் பார்த்துக் கற்றுக்கொண்டாள்? என்னைப் பார்த்து இல்லை.

ஆகஸ்ட் 12, ஞாயிறு

மறுபடி செய்தேன். ஒரு நாள் தாமதத்துக்கு சுப்புராஜிடம் மன்னிப்புக் கேட்டேன். மூடியின் ஒரு ஓரத்தில் உடைந்த ஓட்டுத்துண்டை முட்டுக்கொடுத்துத் தூக்கி வைத்தேன். சுலைகா உள்ளிருந்தே, "தணலைக் கொறைங்க... போதும்... இப்ப எறக்குங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். வாசம் போனது. தெருக்கோடி வரைக்கும் போயிருக்கும்.

ஃபக்ருன்னிசா வேலியில் தலைகாட்டினாள். ரபியா விடவில்லை. "வா, வா. எங்க வீட்டு ஆம்பளை சமைக்கிற கூத்தைப் பாரு. ஒன் வீட்டு ஆம்பளையையும் அனுப்பு, பாத்திரம் கழுவ ஆள் வேணும்." அவள் சிரித்துவிட்டாள். போகும்போது ஒரு தட்டும் வாங்கிக்கொண்டாள்.

ஆகஸ்ட் 18

மொறுமொறுப்பு சரியாக வந்தது. நானே சுமந்து போய்க் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 26, ஞாயிறு

எழுத்து கோணலாக விழுகிறது.

அண்ணன் வந்தார். தேதி குறித்துவிட்டாராம். ஜமால் முகம்மது புடவை எடுக்கச் சொல்லிவிட்டாராம். ரபியா சூடாகப் பேரிக்காய்ப் பலகாரம் கொண்டுவந்து வைத்தாள். அவருக்குப் பிடித்தது.

"யாருலே செஞ்சது?"

"நான்தாண்ணே."

"நீயா? பொம்பளைச் சோலியெல்லாம் ஒனக்கு எதுக்குலே?" என்று சிரித்தார். அடுத்த கரண்டியை எடுத்தார்.

அப்போது சொன்னேன். எப்படி வந்தது என்று தெரியவில்லை. அமைத்து வைத்திருந்த வாக்கியம் எதுவும் வரவில்லை. "அந்தச் சம்பந்தம் வேண்டாம்ணே."

"என்னலே?"

"அவளுக்கு இஷ்டம் இல்லை. போர்டிங் ஹவுஸ் சமையல் வேலைக்குப் போறேங்கிறா."

"சின்னப்புள்ளைக்கு என்ன தெரியும்? ஒனக்கும் எனக்கும் அப்புறம் அதுக்கு யாரு இருக்கா? வெள்ளைக்காரன் சமையக்கட்டா சோறு போடும்?"

நியாயமான கேள்வி. எனக்கும் அந்தப் பயம் உண்டு. ஆனாலும் சொன்னேன், "எனக்கும் இஷ்டம் இல்லைண்ணே. நான் தரமாட்டேன்."

அவர் தட்டைக் கீழே வைத்தார். பாதி அப்படியே இருந்தது. கோபம் இல்லை. நான் யார் என்று தெரியாதவர் போலப் பார்த்தார். "நான் வாக்குக் குடுத்துட்டேன்" என்றார், மெதுவாக. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டார்.

பின்னாலேயே பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். பஸ்ஸில் மறுபக்க ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். "அண்ணே" என்றேன். திரும்பவில்லை. பஸ் போகும்வரை நின்றேன்.

செய்தது சரியா? சரி என்றால் நெஞ்சு ஏன் இப்படி வலிக்கிறது?

செப்டம்பர் 8, சனி

இத்தா நேற்றோடு முடிந்தது. சுலைகா குளித்து, வெளுத்த சேலை கட்டி, வாசலில் வந்து நின்று தெருவைப் பார்த்தாள். திங்களன்று ரபியா கூடப் போய் போர்டிங் ஹவுஸில் விட்டு வருவாள்.

செப்டம்பர் 19

புட்டிங் வேலை முழுதும் இவளிடமே கொடுத்துவிட்டார்களாம். மணிக்கட்டில் சூட்டுக் காயம். காட்டமாட்டேன் என்கிறாள்.

அக்டோபர் 14, ஞாயிறு

49 டிகிரி. மேகம்.

இன்று பழநியில் அண்ணன் பேத்திக்கு நிக்காஹ். கடைவீதியில் யாரோ பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டுத்தான் தெரிந்தது. எங்களுக்கு அழைப்பு இல்லை. காலையில் என்னை அறியாமல் நல்ல கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறேன். ரபியா, "எங்க கெளம்பிட்டீங்க?" என்றாள். பிறகு அவளுக்கே புரிந்து, உள்ளே போனாள். கோட்டோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். இந்நேரம் அண்ணன் பந்தல் வாசலில் நின்று எல்லாரையும் கைபிடித்து உட்காரவைப்பார்.

மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. சுலைகா குடை எடுத்துப் போகவில்லை. கொண்டுபோனேன்.

போர்டிங் ஹவுஸின் பின்பக்கம், சமையலறை வாசல். சுப்புராஜ், "உள்ள வாங்க சார்" என்றார். நான் போகவில்லை. முழங்கைவரை மாவோடு சுலைகா பெரிய மேசையருகே நின்றிருந்தாள். பூஜை விடுமுறைக் கூட்டம். "சின்னத்தாயி, வெரசா! அந்தத் தட்டை இங்க வை. அங்க இல்ல, இங்க!" அவள் இத்தனை உரக்கப் பேசி நான் கேட்டதில்லை. எடுபிடிப் பெண் ஓடி வந்து வைத்தாள்.

அந்த "வெரசா", அப்படியே அண்ணன் குரல்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. குடையை ஆணியில் மாட்டிவிட்டு, மழையிலேயே நடந்து வந்தேன்.